26 சான்றிதழ்கள் சேர்ந்த பிறகும் வேலை ஏன் மாறவில்லை?

கேள்வி: ஒரு கல்லூரி நூலகத்தில் 14 ஆண்டுகளாக நூலகராக இருக்கிறேன். வயது 41. என்னையும் சேர்த்து 3 பேர், 38,000 நூல்கள், கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள். கடந்த 6 ஆண்டுகளில் இணையவழிப் பயிலரங்கு, குறுகிய காலப் பயிற்சி என்று 26 சான்றிதழ்கள் சேர்த்துவிட்டேன். ஆனால் வேலை அன்றைக்குப் போலவேதான் இன்றைக்கும் நடக்கிறது. ‘நீங்கள் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர்தானே’ என்று நிர்வாகத்தில் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். நிரலாக்கம் படி என்கிறார்கள், முனைவர் பட்டம் செய் என்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு நூலகர் எதற்கு என்றும் கேட்கிறார்கள். நான் எதைப் படிக்கட்டும்? இந்த வேலையிலேயே இருக்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

எதைப் படிப்பது என்பதை மூன்று வாரம் தள்ளி வையுங்கள். அதற்குள் 27-ஆவது சான்றிதழுக்குப் பெயர் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு மாலை உட்கார்ந்து அந்த 26 சான்றிதழ்களையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரே ஒரு வரி எழுதுங்கள்: ‘இதைப் படித்ததால் என் நூலகத்தில் இன்னது மாறியது.’ எழுத வராத இடத்தில் கோடு போட்டுவிடுங்கள். எழுத முடிந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றால் அதற்காக உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். பயிலரங்கில் காட்டுகிற தரவு சுத்தமானது, கணக்கு வேறொரு நூலகத்தினுடையது. கற்றதை இரண்டு வாரத்துக்குள் சொந்தத் தரவில் ஒரு முறையாவது செய்து பார்க்காவிட்டால் கை மறந்துவிடும். பயிற்சியில் குறையில்லை, வரிசைதான் தலைகீழாகிவிட்டது. முதலில் உங்கள் நூலகத்தில் எது சிக்கிக்கொண்டு நிற்கிறது என்று தெரிய வேண்டும். அதை எடுத்துவிடத் தேவையானதை மட்டும் அப்போது படித்தால் போதும்.

அது தெரிய இரண்டு குறிப்பேடுகள் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது நேரக் குறிப்பு. நாளுக்கு 7 மணி நேர வேலை என்றால் அரை மணிக்கு ஒன்றாக 14 கட்டங்கள், 15 வேலை நாளுக்கு 210 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்துப் போடுங்கள். கவுண்டரில் கொடுக்கல் வாங்கல் என்றால் ‘க’. கடிதம், பில், பதிவேடு போன்ற தாள் வேலைக்கு ‘தா’. பட்டியல், தரவு வேலைக்கு ‘ப’. ஒரு வாசகரோடு உட்கார்ந்து தேடிக் கொடுத்ததற்கு ‘வா’. நூலகத்துக்குச் சம்பந்தமில்லாமல் உங்கள் தலையில் விழுந்த அலுவலக வேலைக்கு ‘வெ’. ஐந்து வகைக்கு மேல் வைக்காதீர்கள். பன்னிரண்டு வகை பிரித்துக்கொண்டு ஆரம்பிப்பவர்கள் நாலாம் நாளே விட்டுவிடுகிறார்கள். புதிதாக வந்த ஒருவர் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு செய்துவிடக்கூடிய வேலை என்றால் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. நேரம் போனதே தெரியாமல் செய்த வேலை என்றால் ஒரு நட்சத்திரம்.

இதை மதியம் ஒரு முறை, கிளம்பும்போது ஒரு முறை நிரப்புங்கள். வெள்ளிக்கிழமை மொத்தமாக நினைவிலிருந்து நிரப்பினால் கணக்கு பொய் சொல்லும். எரிச்சலூட்டிய வேலை இரட்டிப்பாகத் தெரியும், கவுண்டரில் கரைந்த நேரம் பாதியாகிவிடும். ஸ்டாக் சரிபார்ப்பு மாதத்திலோ தேர்வுக் காலத்திலோ இதைத் தொடங்க வேண்டாம்.

கூட்டிப் பார்க்கும்போது இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: க 70, தா 55, ப 35, வெ 30, வா 20. 210-இல் 70 என்றால் மூன்றில் ஒரு பங்கு. அந்த நிர்வாகி சொன்னது மரியாதைக் குறைவுதான், ஆனால் உங்கள் நாளில் மூன்றில் ஒரு பங்கைப் பற்றி அவர் சொன்னது சரி. அவர் கண்ணில் படுவதும் அந்தப் பங்குதான். புள்ளி வைத்த கட்டங்கள் 100-ஐத் தாண்டினால், உங்கள் தேக்கத்துக்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை, வேலைப் பங்கீடு என்று பொருள். அதற்கு எந்தப் பயிலரங்கிலும் மருந்து கிடையாது. மற்ற இருவரோடும் கவுண்டர் முறையை மாற்றிப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

இரண்டாவது குறிப்பேடு கவுண்டரில் இருக்கட்டும். வாசகர் கேட்டு, நம்மால் உடனே கொடுக்க முடியாமல் போன ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. மூன்று பத்திகள்: அவர் வாயிலிருந்து வந்த முதல் சொற்கள் அப்படியே, அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது, எங்கே தட்டியது. பெயரும் உறுப்பினர் எண்ணும் வேண்டாம். யார் எதைத் தேடினார் என்பது நம் குறிப்பேட்டில்கூட இருக்கக் கூடாது.

முதல் பத்தியைச் சுருக்காமல் எழுதுவதுதான் முக்கியம். ‘வேதியியல் புத்தகம் எங்கே இருக்கு?’ என்று ஒரு மாணவர் கேட்பார். 540-ஆம் வரிசையைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும். ‘என்ன வேலைக்குத் தேவைப்படுது?’ என்று ஒரு கேள்வி கேட்டால், ஆய்வகத்தில் ஓர் அமிலத்தைக் கையாளும்போது என்ன எச்சரிக்கை என்று தெரிய வேண்டும் என்பார். அவருக்கு வேண்டியது அந்த வேதிப்பொருளின் பாதுகாப்புத் தரவுத்தாள், அலமாரியில் நிற்கும் புத்தகம் இல்லை. இப்படி 15 நாளில் எத்தனை முறை முதல் பத்தியும் இரண்டாம் பத்தியும் வேறு வேறாக இருந்தன என்று எண்ணுங்கள். அந்த எண் பெரிதாக இருந்தால் நீங்கள் முதலில் மெருகேற்ற வேண்டியது கேள்வி கேட்கும் முறை. அதற்குக் கணினியே வேண்டாம்.

மூன்று வாரம் முடிந்ததும் இரண்டு குறிப்பேடுகளையும் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுங்கள். அது 15 நாளில் 5 முறையாவது திரும்ப வந்திருக்க வேண்டும். பணமோ மேலிட ஆணையோ இல்லாமல் உங்கள் கையாலேயே மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் எண்ணிப் பார்க்க முடிய வேண்டும். ‘வாசிப்புப் பழக்கத்தை வளர்ப்பது’ இந்தச் சல்லடையில் நிற்காது. ‘தமிழ் நூல்களைத் தேடினால் ஓபாக்கில் (வாசகர் தேடும் கணினிப் பட்டியலில்) வருவதில்லை’ நிற்கும்.

அந்தக் கடைசிச் சிக்கலையே எடுத்துக்கொண்டு, ஒரு சிறு வேலையிலிருந்து எவ்வளவு படிப்பு கிளைக்கிறது என்று பார்ப்போம். உங்களிடமும் இது இருக்கும் என்பது என் ஊகம், ஏனென்றால் பழைய தமிழ்ப் பதிவுகள் உள்ள பட்டியல்களில் இது சர்வ சாதாரணம்.

கோஹாவில் தேடல் வரலாற்று வசதி இயக்கப்பட்டிருந்தால், உள்நுழைந்து தேடியவர்கள் தட்டிய சொற்களும் எத்தனை முடிவு வந்தது என்ற எண்ணும் தரவுத்தளத்தில் பதிவாகியிருக்கும். முடிவு சுழியம் என்று வந்தவற்றை மட்டும் எடுங்கள். உறுப்பினர் எண் வேண்டாம், சொற்கள் போதும். வசதி இயக்கப்படவில்லை என்றால் கவுண்டர் குறிப்பேட்டிலிருந்தே 50 தேடல்களைத் திரட்டிவிடலாம். பிறகு ஒவ்வொன்றையும் அலமாரியில் போய்ப் பாருங்கள். நூலே இல்லாததை ஒரு பக்கம் ஒதுக்குங்கள், அது வாங்க வேண்டிய பட்டியல். நூல் இருந்தும் வராமல் போனவைதான் இப்போது நம் வேலை.

அவற்றில் பல வகைப் பிழை இருக்கும். எளிதானது, ஒரே எழுத்தாளர் இரண்டு பெயரில் இருப்பது. புதுமைப்பித்தன் என்று சில பதிவுகள், சொ. விருத்தாசலம் என்று சில. இதற்கு அத்தாரிட்டி பதிவு, அதாவது ஒருவரின் எல்லாப் பெயர் வடிவங்களையும் ஓரிடத்தில் சேர்க்கும் பதிவு, வேண்டும்: அதன் 100-ஆம் டேக்கில் (எண் இட்ட தகவல் கட்டத்தில்) நாம் தேர்ந்த வடிவம், 400-ஆம் டேக்கில் மற்ற வடிவங்கள். இங்கே பலர் தடுக்கி விழுவது ஓரிடத்தில்தான். நூல் பதிவில் பெயரை எழுத்துப் பிசகாமல் தட்டியிருப்பார்கள், ஆனால் அத்தாரிட்டி பதிவோடு இணைத்திருக்க மாட்டார்கள். கோஹாவில் அந்த இணைப்பு எண், டேக்கின் உட்பகுதியான துணைப்புலம் 9-இல் இருக்க வேண்டும். அது காலியாக இருந்தால் 400-ஆம் டேக்கில் எத்தனை பெயர் எழுதினாலும் தேடலுக்கு எட்டாது. 400-இல் உள்ள வடிவங்களையும் தேடலில் சேர்ப்பதற்குத் தனியாக ஓர் அமைப்பு விருப்பம் இருக்கிறது. அதை இயக்கிய பிறகு தேடல் அட்டவணையை மறுபடி கட்டும்படி மென்பொருள்காரரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது, தலைப்பு ரோமன் எழுத்தில் மட்டும் ஏறியிருப்பது. மார்க் என்ற பட்டியல் பதிவு முறையில் வேற்று எழுத்து வடிவத்துக்கென்றே 880-ஆம் டேக் இருக்கிறது, துணைப்புலம் 6 மூலம் அது தலைப்புக்கான 245-உடன் கோக்கப்படும். பதிவுகளைப் பிற நூலகங்களோடு பகிர்ந்துகொள்கிற இடமென்றால் அதுதான் முறை. 3 பேர் இருக்கிற இடத்தில் 245-இல் தமிழையும் மாற்றுத் தலைப்புக்கான 246-இல் ரோமன் வடிவத்தையும் எழுதிவிட்டுப் போங்கள் என்பேன். இலக்கணக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், வாசகருக்குப் புத்தகம் கிடைத்துவிடும்.

மூன்றாவது வகைதான் சுவாரசியமானது. பதிவைப் பார்த்தால் கண்ணுக்கு எல்லாமே சரி. ஆனால் தேடினால் வராது. ‘ஔவையார்’ என்று ஒருவர் தேடுகிறார். பட்டியலில் ‘ஒளவையார்’ என்று இருக்கிறது. முதலாவதில் இருப்பது ஔ என்ற ஒற்றை எழுத்து, இரண்டாவதில் ஒ, ள என்று இரண்டு எழுத்துகள். ‘மௌனம்’, ‘மெளனம்’ இரண்டும் இதே கதை: ஒன்றில் ஔகாரக் குறி, மற்றதில் எகரக் கொம்புக்குப் பின் ஒரு ளகரம். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ‘ஸ்ரீ’யும் இரண்டு விதமாகப் பதிவாகலாம், ஒன்று ஸகரத்தில் தொடங்கும், மற்றது ஶகரத்தில். இவை போதாதென்று ஒகரக் குறியே இரண்டு வகை: ஒரே குறியாக இருக்கலாம், அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக இருந்து திரையில் ஒட்டித் தெரியலாம்.

இந்தக் கடைசிச் சங்கதியை மட்டும் யூனிகோட் இயல்பாக்கம் சரிசெய்துவிடும். என்.எஃப்.சி. என்று அதைச் சொல்வார்கள், பிரிந்த கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்க்கும். ஔ, ஒள சிக்கலை அது தொடவே தொடாது. யூனிகோட் கணக்கில் அவை உண்மையிலேயே வேறு வேறு எழுத்துகள். ‘இயல்பாக்கம் செய்துவிட்டோம், தமிழ்த் தேடல் சரியாகிவிட்டது’ என்று மென்பொருள்காரர் சொன்னால், ஔவையாரை ஒரு முறை தேடிக் காட்டச் சொல்லுங்கள். அப்படியே, உங்கள் கோஹாவின் தேடல் பொறியான ஸீப்ராவின் அட்டவணை ஐ.சி.யு. (யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் நிரல்) முறையில் அமைந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். ரோமன் அல்லாத எழுத்துகளுக்கு அதுதான் ஏற்றது.

சரி, ‘ஒள’ வருமிடமெல்லாம் ‘ஔ’ என்று மொத்தமாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். ஒளி, ஒளிப்படம், ஒளிச்சேர்க்கை எல்லாம் ஒரே நொடியில் சிதைந்துவிடும். கொம்பும் ளகரமும் சேர்ந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் தெளிவு, வெள்ளம், வெளிச்சம் எல்லாம் போய்விடும். ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வராத இடங்களை மட்டும் பிடிக்க வேண்டும். அப்படி ‘இதற்குப் பின் இது வராத இடம்’ என்று கணினிக்குச் சொல்லும் முறைக்குத்தான் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். நிரலாக்கம் என்று உங்களைப் பயமுறுத்துகிறார்களே, அதில் ஒரு நூலகருக்கு முதலில் வேண்டிய துண்டு இது. மொத்தம் பத்துப் பன்னிரண்டு குறியீடுகள். தேவை கண்முன் இருந்தால் இரண்டு வாரத்தில் வந்துவிடும். 41 வயது இதற்குத் தடையே இல்லை. ‘வௌவால்’ எப்படியெல்லாம் தப்பாகத் தட்டப்படும் என்று உங்களுக்குத் தெரியும். இருபது வயது நிரலருக்கு அது தெரியாது.

திருத்தும் முறை இப்படி இருக்கட்டும். முதலில் எல்லாப் பதிவுகளையும் மார்க் கோப்பாக ஏற்றுமதி செய்து, தேதி போட்டு, வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அதன் நகலிலிருந்து பதிவு எண், ஆசிரியர், தலைப்பு மூன்றை மட்டும் எடுத்து ஓப்பன்ரிஃபைனில் திறங்கள். அது தரவைச் சீர்செய்யும் இலவச மென்பொருள், உங்கள் கணினியிலேயே ஓடும், தரவு வெளியே போகாது. எக்ஸெல்லில் நேரடியாகத் திறந்தால் சில நேரம் தமிழ் கட்டம் கட்டமாகிவிடும், ஐ.எஸ்.பி.என். எண்கள் உருமாறும், முன்னால் உள்ள சுழியங்கள் உதிரும். ஓப்பன்ரிஃபைனில் ஒத்த பெயர்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்துக் காட்டும் வசதி இருக்கிறது. அதிலுள்ள ஒலிப்பு முறைகள் தமிழுக்காக எழுதப்பட்டவை அல்ல, ஆகவே எந்தக் கூட்டத்தையும் கண்ணால் பார்க்காமல் ஒன்றாக்காதீர்கள். இரா. என்பதும் ரா. என்பதும் ஒருவராகவும் இருக்கலாம், இருவராகவும் இருக்கலாம். அலமாரியில் நூலைப் புரட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

திருத்தங்களை நகலிலுள்ள முழு மார்க் பதிவுகளில் சேர்த்து, முதலில் 20 பதிவுகளை மட்டும் கோஹாவுக்குள் ஏற்றிப் பாருங்கள். எந்தத் திருத்தம் எந்தப் பழைய பதிவுக்குரியது என்று சொல்லும் பொருத்த விதியைத் தவறாகக் கொடுத்தால் பழைய பதிவு திருந்தாமல் பக்கத்திலேயே புதிதாக ஒன்று முளைக்கும். ஏற்றும்போது பிரதிகள் பற்றிய விருப்பத்தில் ‘புறக்கணி’ என்பதைத் தேருங்கள், இல்லையென்றால் பிரதிகளும் இரட்டிக்க வாய்ப்பு உண்டு. 20 சரியாக வந்தால் 200. பிறகு மீதி.

கடைசியில் அந்தப் பழைய 50 தேடல்களையே திரும்ப ஓட்டுங்கள். முன்பு எத்தனை வரவில்லை, இப்போது எத்தனை வரவில்லை. இந்த இரண்டு எண்களுக்கு உங்கள் 26 சான்றிதழ்களைவிட எடை அதிகம்.

இந்த ஒரு வேலைக்குள் அத்தாரிட்டி கட்டுப்பாடு, மார்க், யூனிகோட், ரெகுலர் எக்ஸ்பிரஷன், தரவுத் துப்புரவு என்று ஐந்து பாடங்கள் வந்துவிட்டன. பாடம் வேண்டுமென்றால் லைப்ரரி கார்ப்பென்ட்ரி என்ற அமைப்பு நூலகர்களுக்கென்றே எழுதிய பாடங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாவற்றையும் படிக்க உட்காராதீர்கள். தட்டும் இடத்தில் போய் அந்தப் பகுதியை மட்டும் படியுங்கள்.

நிரலாக்கம் என்று அடுத்த படி எடுப்பதானால் பைத்தான் மொழிக்கு முன், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். உங்கள் நூலகத்தின் எல்லாத் தகவலும் தரவுத்தளத்தில்தானே இருக்கிறது. எடு, இந்த நிபந்தனையில் எடு, வகைப்படுத்தி எண்ணு, இரண்டு அட்டவணையை இணை என்ற நாலு கட்டளைகள் போதும், ‘5 ஆண்டுகளாக ஒரு முறைகூட வெளியே போகாத நூல்கள் எவை’ என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம். கோஹாவின் அறிக்கைப் பகுதியில் படிக்கும் கட்டளை மட்டுமே ஓடும், எனவே தப்பாக எழுதினாலும் தரவு அழியாது. முதல் முறை ஓட்டும்போது 100 வரிக்கு மேல் வராதபடி வரம்பு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கவுண்டரில் இருப்பவர் ‘சிஸ்டம் ஸ்லோவா இருக்கு’ என்பார்.

இனி, பணி பற்றி எழுதிப் பார்ப்பது. தொழில்சார் கற்றலை ஆராய்ந்த டொனால்ட் ஷோன் 1983-இல் வேலை நடக்கும்போதே சிந்திப்பதையும், முடிந்த பிறகு திரும்பிப் பார்த்துச் சிந்திப்பதையும் வேறு வேறாகப் பிரித்தார். நம்மவர்கள் முதலாவதில் கெட்டிக்காரர்கள். எழுதி வைக்காததால் இரண்டாவது நடப்பதில்லை. ஒரு வேலை முடிந்த 24 மணி நேரத்துக்குள் அரைப் பக்கம் எழுதினால் போதும்: என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, ஏன் என்று நினைக்கிறேன், அடுத்த முறை எதை மாற்றுவேன்.

‘மாணவர்களுக்குத் தரவுத்தளப் பயிற்சி நடத்தினேன். 40 பேர் கலந்துகொண்டனர். பயனுள்ளதாக இருந்தது என்று கூறினர்.’ இது ஆண்டறிக்கைக்கு உதவும், உங்களுக்கு உதவாது. அதே நிகழ்ச்சியை இப்படி எழுதலாம்: ‘வகுப்புக்கு முன்னும் பின்னும் ஒரே தேடலைக் கொடுத்தேன். முன்பு 11 பேருக்கு வந்தது, பின்பு 19 பேருக்கு. பாதிப் பேர் இன்னும் முழு வாக்கியத்தையே தட்டுகிறார்கள். நான் 25 நிமிடம் திரையில் பொத்தான்களைக் காட்டினேன், கேள்வியை முக்கியச் சொற்களாக உடைக்கக் கற்றுத்தரவில்லை. அடுத்த முறை முதல் 15 நிமிடம் தாளும் பேனாவும் மட்டும்.’ எண்கள் என் கற்பனை. தன் குறையை எழுதத் தெரிந்தவருக்கு அடுத்த வகுப்பு தானாகவே வேறாக அமையும் என்பதற்காகச் சொன்னேன்.

இத்தகைய குறிப்புகளிலிருந்து ஆண்டுக்கு மூன்றை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாக விரியுங்கள். சிக்கல், முன் எண், செய்தது, பின் எண், சரிவராதது. ‘சரிவராதது’ என்ற பகுதியை விட்டுவிட வேண்டாம். நேர்காணலில் விஷயம் தெரிந்தவர் முதலில் அங்கேதான் கை வைப்பார். தன்விவரக் குறிப்பில் ‘நூலகத் தானியக்கப் பணிகளில் ஈடுபட்ட அனுபவம்’ என்ற வரியை அடித்துவிட்டு, நீங்கள் திருத்திய பதிவுகளின் எண்ணிக்கையையும் அந்தத் தேடல் கணக்கையும் போடுங்கள்.

நிர்வாகத்திடம் நேரம் கேட்பது எப்படி? ‘பயிற்சிக்கு அனுமதி’ என்று கேட்டால் செலவு என்றுதான் காதில் விழும். நூலகச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான இஃப்லா 2016-இல் வெளியிட்ட தொடர் தொழில் வளர்ச்சி வழிகாட்டி, பணி நேரத்தில் சுமார் 10 விழுக்காட்டையும் நிறுவன பட்ஜெட்டில் 0.5 முதல் 1 விழுக்காட்டையும் பணியாளர் வளர்ச்சிக்கு ஒதுக்கச் சொல்கிறது. கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். நேரக் குறிப்புத் தாளைக் காட்டி, ‘புதன்கிழமை 3 மணி முதல் 4.30 வரை, 12 வாரம், எனக்கு வேறு வேலை வேண்டாம். முடிவில் தேடிக் கிடைக்காத தமிழ் நூல்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும், எண்ணிக் காட்டுகிறேன்’ என்று கேளுங்கள். மொத்தம் 18 மணி நேரம்தான். மறுத்தால் வாரத்துக்கு 45 நிமிடத்துக்கு இறங்கி வந்து, 24 வாரமாக்கிக்கொள்ளுங்கள். வீட்டு நேரத்தில் செய்யத் தொடங்க வேண்டாம். அது ஆறு வாரம் ஓடும், அப்புறம் வேலை மீதே வெறுப்பு வரும்.

முனைவர் பட்டம்: நீங்கள் போக விரும்பும் அடுத்த பதவிகளின் விளம்பரங்கள் ஐந்தை எடுத்து, தகுதிப் பகுதியில் அது கட்டாயமா என்று பாருங்கள். கட்டாயம் என்றால் செய்துதான் ஆக வேண்டும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. இல்லையென்றால் முதலில் மேலே சொன்ன ஓபாக் வேலையை 3,000 சொல்லில் ஒரு கட்டுரையாக எழுதிப் பாருங்கள். முன்பு யார் யார் இதைச் செய்திருக்கிறார்கள் என்று தேடும் பகுதியிலும், ‘50 தேடல்கள் போதுமா, எப்படித் தேர்ந்தேன்’ என்று நியாயம் சொல்லும் பகுதியிலும் உங்களுக்கு ருசி தட்டினால் ஆய்வு உங்களுக்கு ஒத்துவரும். அந்த இரண்டு பகுதியும் பாரமாகவே இருந்தால், பட்டத்துக்காகப் பல ஆண்டுகளைக் கொடுக்காதீர்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பொறுத்தவரை, அது உங்கள் கவுண்டருக்கே புது வேலை கொண்டுவந்திருக்கிறது: இல்லாத கட்டுரைகளைத் தேடி வரும் மாணவர்கள். அரட்டைச் செயலி கொடுத்த மேற்கோளில் ஆசிரியர் உண்மையானவராக இருப்பார், இதழும் உண்மையாக இருக்கும், அந்தக் கட்டுரை மட்டும் எழுதப்பட்டே இருக்காது. கட்டுரையின் நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைப் போட்டால் பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்த்து விட்டுவிடக் கூடாது, திறக்கும் கட்டுரையின் தலைப்பு அதுவேதானா என்று பார்க்க வேண்டும். இதழின் தொகுதி எண்ணும் ஆண்டும் பொருந்துகின்றனவா, அந்தப் பக்க எண்களில் வேறு யாருடைய கட்டுரையாவது இருக்கிறதா, ஆய்வாளர் அடையாளத் தளமான ஆர்க்கிட்டில் ஆசிரியரின் பக்கத்தில் இது இருக்கிறதா. பத்து நிமிட வேலை. இப்படிப் பிடித்த 10 போலி மேற்கோள்களைச் சேர்த்துவைத்தால் ஒரு மணி நேர வகுப்புக்கான பாடம் தயார். நூலகர் எதற்கு என்று கேட்டவரையும் அந்த வகுப்புக்கு அழையுங்கள். பொருள் தலைப்புகளுக்கு அதன் உதவியை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது பட்டியலில் இல்லாத தலைப்புகளையும் இருப்பதுபோல் எழுதிக்கொடுக்கும். ஒவ்வொன்றையும் சரிபார்க்காமல் பொருள் தலைப்புக்கான 650-ஆம் டேக்கில் ஏற்றாதீர்கள்.

இந்த வேலையிலேயே இருக்கலாமா என்ற கேள்விக்கு நட்சத்திரங்களைப் பாருங்கள். வாசகரோடும் தரவோடும் இருந்த கட்டங்களில் நட்சத்திரம் நிறைய, ஆனால் அந்தக் கட்டங்களே குறைவு என்றால், தொழில் உங்களுக்குப் பொருந்துகிறது, இடம்தான் பொருந்தவில்லை. எல்லா வகையிலும் நட்சத்திரமே இல்லை என்றால் உடனே தொழிலைக் குறை சொல்லிவிடாதீர்கள். பத்து நாள் விடுப்புக்குப் பின் ஒரு வாரம் மறுபடி குறித்துப் பாருங்கள். களைப்பும் வெறுப்பும் தாளில் ஒரே மாதிரி தெரியும்.

1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்கு முன் கணித ஆசிரியர். நூலகத்தின் தனிமை தாங்காமல் பழைய வேலைக்கே திரும்பிப் போகக் கேட்டவர் அவர். லண்டனுக்குப் பயிற்சிக்குப் போய், அங்கே பல நூலகங்கள் இயங்குவதை நேரில் பார்த்த பிறகுதான் அவருக்கு இதில் பிடிப்பு வந்தது. நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் வெளியிட்டது 1931-இல். 14 ஆண்டுகளாக ஒரே நூலகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு, எந்த முடிவுக்கும் முன்னால், நான் சொல்வதும் அதுதான்: வேறு வகையான இரண்டு நூலகங்களில், ஒவ்வொன்றிலும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். ஒன்று பொது நூலகமாக இருக்கட்டும், மற்றொன்று ஆய்வு நிறுவனத்தினுடையதாகவோ ஆவணக் காப்பகமாகவோ. சுற்றிக் காட்டுவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், அலமாரியும் விளக்குகளும் எங்கும் ஒன்றுதான். அங்குள்ள நூலகரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவருடைய ஒரு நாளுக்கும் அதே 14 கட்டங்களை நிரப்புங்கள். எதை யாரிடம் ஒப்படைத்திருக்கிறார், எதைச் செய்வதை நிறுத்திவிட்டார், கடைசியாக அவர் கற்றது எது, எதற்காகக் கற்றார் என்று கேளுங்கள். அந்தத் தாளையும் உங்கள் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்தப் பணியிடத்துக்கு விண்ணப்பிப்பது என்பதை அப்போது பேசுவோம்.